வடகரைத் தொழில் வரலாறு – 17: காட்டுக் கட்டையும் கடற்கரைப் பட்டறையும்

பேசில் கொக்ரேன் 1801ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கி 1806க்குள் எண்ணூர் வரை கொண்டுசேர்த்த உப்புநீர்க் கால்வாயைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் எழுதியபோது, அதன் வழியே பட்டணத்துக்கு வந்த சரக்குகளுள் உப்பையும் சுண்ணாம்புச் சிப்பியையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மரத்தையும் விறகையும் மட்டும் வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தேன். மரத்தின் வரலாறு மற்றச் சரக்குகளோடு சேர்த்துச் சொல்லிவிடக் கூடியதன்று. உப்பையும் நெல்லையும் ஒரு மனிதன் சுமக்கும் அளவுக்கு மூட்டையாகக் கட்டிக்கொள்ள வியாபாரியால் இயலும். மரமோ பிரிக்கப் பிரிக்க மதிப்புக் குறைவது. இருபதடி உத்தரத்துக்குரிய கட்டையை நடுவில் வெட்டினால் சுமப்பது எளிதாகலாம், ஆனால் அதன்பின் அது உத்தரத்துக்கு உதவாது. ஆகையால் காட்டில் நிற்கும் மரத்துக்கு என்ன விலை என்பதை அதன் ஜாதியும் வயதும் தீர்மானித்ததைக் காட்டிலும், அதைத் தூக்கவும் இழுக்கவும் அந்தந்தக் காலத்தில் மனிதர்களுக்குக் கிட்டிய சாதனங்களே அதிகமாகத் தீர்மானித்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தச் சாதனங்களுள் முக்கியமானவை ராயபுரத்துக்கு வடக்கே, திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருந்த பட்டறைகளில் உருவாயின என்பதனால்தான், காடே இல்லாத இந்தக் கடற்கரையின் வரலாற்றில் காட்டு மரத்துக்கு ஓர் அத்தியாயம் வேண்டியிருக்கிறது.

கதை 1856ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூலை முதல் தேதி ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜாவை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஜனங்களுக்காக ஓடத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில், இதே சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்து வைத்தியர் ஹ்யூ கிளெக்ஹார்ன், சென்னை மாகாணத்துக் காடுகளின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததை வெறும் தற்செயலென்று நான் கருதவில்லை. ரயில் பாதைக்கு மைலொன்றுக்கு ஆயிரத்து எழுநூறு முதல் இரண்டாயிரம் வரை குறுக்குக் கட்டைகள் வேண்டும். நம் ஈர மண்ணிலும் கறையானுக்கிடையிலும் அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே உளுத்து மாற்றவேண்டியவை. அதற்கு மேல் நிலக்கரி அரிதாயிருந்த அந்நாளில் என்ஜினின் அடுப்பும் விறகையே தின்றது. ரயில் வந்த பிறகே காடு தீர்ந்துபோகக்கூடிய ஒரு பொருள் என்னும் உணர்வு அரசாங்கத்துக்குத் தீவிரமாக உண்டாயிற்று என்று சொல்வது மிகையாகாது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அந்த உணர்வின் முதிர்ச்சியே.

என்ஜினுக்கு விறகு வேண்டுமென்ற அவசியம் நமக்கு ஒரு புதிய மரத்தைக் கொடுத்தது. கடலோர மணலில், வேறெதுவும் விளையாத இடத்தில் வளரும் சவுக்கு, 1860களிலிருந்து சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் தோப்புத் தோப்பாக நடப்பட்டது. அதை வெட்டிக் கால்வாய்க் கரைக்குக் கொண்டுவந்து படகில் ஏற்றினால், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பேசின் பாலம் வரை தண்ணீரே சுமந்துவந்து சேர்க்கும். 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கால்வாய் நீட்டப்பட்டு, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற பிறகு அந்தப் படகு வியாபாரம் இன்னும் பெருகியது. பட்டணத்தின் மூலைக்கு மூலை இருந்த விறகுத்தொட்டிகளுக்குப் பெரும்பங்கு விறகை அனுப்பியது இக்கால்வாய்தான். அரசாங்கத்தின் பெருங்காடுகளுக்கு அதிகாரிகளும் சட்டமும் உண்டு. சவுக்குத் தோப்போ பெரும்பாலும் குடியானவருக்கே உரியது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வத்தியாயத்தின் பிற்பகுதி முழுவதும் அதைச் சுற்றியே செல்லும்.

பெருமரங்களின் கதை வேறு விதமானது. ஆனைமலையின் தேக்கு மலையுச்சியில் நின்றது. வாங்குவோர் சமவெளியில் இருந்தார்கள். காடர், மலசர் முதலிய மலைவாசிகளின் உழைப்பாலும் யானைகளின் பலத்தாலும் கட்டைகள் விளிம்புக்கு இழுத்துவரப்பட்டு, அங்கிருந்து சரிவில் தள்ளிவிடப்பட்டன. டாப்ஸ்லிப் என்று இன்றும் வழங்கும் இடம் அந்தச் சறுக்கலின் மேல்முனையாகும். சரிவில் கட்டையை விடுவதற்குச் செலவில்லைதான். ஆனால் பாறையில் மோதிப் பிளந்த கட்டையின் நஷ்டம் காட்டுக்குரியவர் கணக்கிலேயே எழுதப்படும். பர்மாவில் நதிகள் அந்த வேலையைச் செய்தன. பச்சைத் தேக்கு தண்ணீரில் அமிழ்ந்துவிடும் என்பதனால், நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிவயிரத்தையும் சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றவாறே உலர்ந்து சாகவிட்டு, அதன் பிறகே வீழ்த்தி, மழைக்காலத்து வெள்ளத்தில் ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் மிதக்கவிட்டார்கள். மரத்தைக் கொண்டுபோகும் வழி, மரத்தை வெட்டும் முறையையே எவ்வாறு விதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆற்றில் மிதக்கவேண்டும் என்னும் ஒரே காரணத்துக்காக, வெட்டிய மரத்தின் பணம் கைக்கு வர ஒருவர் பல ஆண்டுகள் காத்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி ரயில் நிலையம் வரை, ஏறத்தாழ ஐம்பது மைல் தூரத்துக்குக் காட்டு டிராம்வே ஒன்றை நிர்மாணித்தது. செங்குத்தான இடங்களில், பாரமேறிய வண்டிகள் கீழே இறங்கும் வேகமே, கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டிகளை மேலே இழுத்துக்கொண்டது. மலையின் உயரத்தையே வேலையாளாக்கிய அந்த யுக்தி இன்றும் பாராட்டுக்குரியது. ஆனாலும் தண்டவாளம் போட்ட இடத்துக்கு மரம் வரவேண்டுமேயன்றி, மரம் நிற்கும் இடத்துக்குத் தண்டவாளம் போக முடியாது. ஒரு பள்ளத்தாக்கு வெட்டித் தீர்ந்ததும் முதலீடெல்லாம் அங்கேயே கிடக்கும். லாரிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் தளர்ந்துபோன அந்த டிராம்வே 1963இல் மூடப்பட்டது.

இனிக் கடற்புறத்துக்கு வருவோம். மரத்தைப் பெறவேண்டிய சென்னையோ, நெடுங்காலம் துறைமுகமே இல்லாத துறைமுகப் பட்டணமாக இருந்தது. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் போய்வந்தன. 1861இல் இரும்புத் தூண்களின்மேல் எழுப்பிய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரமிட்ட அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டு வந்தபோது, பெரும் கான்கிரீட் பாறைகளைத் தூக்கிவைக்க டைட்டன் என்னும் ராட்சதப் பளுதூக்கிகள் வந்திறங்கின. 1881 நவம்பர்ப் புயல் சுவரின் அரைமைல் தூரத்தைக் கலைத்ததோடு, அவற்றுள் இரண்டையும் கடலுக்குள் கொண்டுபோயிற்று. 1904இல் வந்து சேர்ந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில்தான் மணலடைத்த கிழக்கு வாயில் மூடப்பட்டு, வடகிழக்கில் புது வாயில் திறக்கப்பட்டு, கப்பல்கள் நம்பிக்கையோடு வந்து அணைந்து சரக்கிறக்கும் நிலை ஏற்பட்டது. இவற்றையெல்லாம் இத்தொடரில் முன்பே எழுதியிருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். துறைமுகத்தின் பளுதூக்கி எவ்வளவு வலியதாயினும், அது நிலைத்து நின்ற இடத்தில் மட்டுமே வலியது. கப்பலின் வயிற்றிலிருந்து பர்மாத் தேக்கை எடுத்துக் கரையில் வைத்ததோடு அதன் பொறுப்புத் தீர்ந்தது. அங்கிருந்து மரவாடிக்கும் அறுப்புக்குழிக்கும் கட்டையைக் கொண்டுசென்றவர்கள் கலாசிகளும், வண்டிக்காரர்களும், கைவண்டி இழுப்பவர்களுமே. ஐந்தடிச் சுற்றளவும் இருபதடி நீளமுமுள்ள ஈரத் தேக்குக் கட்டை ஏறக்குறைய ஒரு டன் எடை இருக்கும். அதன் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, உருளைக் கட்டைகளைச் செருகி, சாய்வுப் பலகைகளின்மேல் வடம் போட்டு இழுத்து, மேஸ்திரியின் குரலுக்கு இசைந்து எல்லாத் தோள்களும் ஒரே கணத்தில் தள்ளினால்தான் அது வண்டியேறும். ஒரு வடம் அறுந்தால், ஒரு காலடி பிசகினால், நசுங்கியது ஒரு மனிதனின் கால். துறைமுகத் தொழிலாளருக்கு வேலை நிச்சயத்தை அளிக்க 1948இல் மத்திய சட்டம் ஏற்பட்டது. மரவாடியில் கட்டை புரட்டியவருக்கு அத்தகைய காவல் கிட்டவில்லை. நம் நகரத்தின் பழைய வீடுகளில் உத்தரத்தை அண்ணாந்து பார்த்து அதன் வயிரத்தை வியக்கும் நாம், அதைச் சுமந்த தோள்களை ஒருபோதும் கணக்கிலெடுத்ததில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கணக்கு என்றதும் மரவாடியின் அளவுமுறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டையின் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிவரும் கன அடியே விலைக்குரிய அளவு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான எட்வர்டு ஹாப்பஸ் வகுத்த வாய்பாடு இது. மேலே சொன்ன தேக்குக் கட்டை இம்முறைப்படி 31¼ கன அடி. உண்மையிலோ அதனுள் ஏறத்தாழ 40 கன அடி மரம் இருக்கிறது. நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் அறுப்பில் வீணாகும் ஓரங்களுக்காக விடப்பட்ட சலுகை என்பார்கள். அந்தச் சலுகை வாங்குவோருக்கே கிடைத்தது. விற்பவருக்கு, அதாவது காட்டுக்குரியவருக்கு, அதில் பங்கில்லை. ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் வண்டிச் சத்தமும் போனபின் மிஞ்சுவதே அவருக்கு. பட்டணத்து விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போய்க் காட்டின் விலையை அடையும் இவ்வழக்கத்தில், நடுவே உள்ள ஒவ்வொரு சாதனத்தின் அபிவிருத்தியும் கடைசியில் இருப்பவரின் வருமானத்தைத் தொட்டே தீரும்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்தத் தேக்கு ஒரே வீச்சில் நின்றுபோயிற்று. உள்நாட்டுக் காடுகளின்மேல் பாரம் முழுவதும் விழுந்தது. அந்தக் காடுகளுக்கு நதியில்லை, எங்கும் தண்டவாளமும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நமது வடகரையின் பட்டறைகள் வரலாற்றுக்குள் வருகின்றன.

ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் ஸ்தாபனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு லாரிகளின்பால் திரும்பியது. 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அங்கிருந்து வெளிவந்த காமெட் லாரி தென்னாட்டு மலைப்பாதைகளுக்குப் பழக்கமான முகமாயிற்று. எண்ணூருக்குத் தெற்கே திருவொற்றியூரில், 1946இல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்துகொண்டிருந்த மாம்மன் மாப்பிள்ளை, பழைய டயரின் மேல் ஒட்டும் ரப்பர்ப் பட்டையை 1952இலும், அமெரிக்க மான்ஸ்பீல்ட் ஸ்தாபனத்தின் துணையோடு முழு டயரையே 1961இலும் உற்பத்தி செய்யத் தொடங்கினார். செம்பியத்தில் 1960இல் ஸ்தாபிதமான டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டரை நாட்டுக்குக் கொடுத்தது. லாரி எண்ணூரிலும் டயர் திருவொற்றியூரிலும் டிராக்டர் செம்பியத்திலுமாக, பத்து மைலுக்குட்பட்ட ஒரு பிரதேசத்தில், மரத்தைக் கொண்டுசெல்லும் சாதனத்தின் அங்கங்கள் அனைத்தும் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் வந்து கூடின. காட்டுக்காக அவை ஏற்பட்டவை அல்லதான். ஆனால் காட்டில் அவை விளைவித்த மாறுதல் பெரிது. பாதை போகுமிடத்திலெல்லாம் லாரி போகும். மரம் மிதக்கவேண்டிய அவசியமில்லாததால் ஆண்டுக்கணக்கில் உலரவிட வேண்டியதில்லை. மழைக்காலத்து வெள்ளத்துக்குக் காத்திராமல், விலை ஏறியிருக்கும் மாதத்தில் வெட்டி அனுப்பலாம்.

வேகத்தின் மதிப்பை மிகத் தெளிவாகக் காட்டியது தீப்பெட்டித் தொழில். திருவொற்றியூரின் வடபகுதிக்குத் தன் பெயரையே விட்டுச்சென்ற விம்கோ, சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியின் கிளையாக 1923இல் இந்தியாவில் தோன்றியது. தீக்குச்சிக்குரிய மென்மரத்தைக் கடைசல் யந்திரத்தில் சுழற்றி, கூரிய தகட்டால் பாய் சுருளவிழ்வதுபோல் மெல்லிய ஏடாக உரித்தெடுக்க வேண்டும். ஈரம் உள்ள மரமே அவ்வாறு உரியும். உலர்ந்துவிட்டால் ஏடு முறியும்; காட்டில் நெடுநாள் கிடந்தால் மென்மரத்தில் நீலப் பூஞ்சை படரும். எனவே வெட்டிய மரம் சீக்கிரம் ஆலை வாசலுக்கு வந்தாக வேண்டும்.

அதே சுவீடன் தேசத்தில்தான் நாம் இங்கே பேசவேண்டிய முக்கியமான உபகரணமும் பிறந்தது. ஹூடிக்ஸ்வால் என்னும் ஊரில் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்துவந்த எரிக் சுந்தின், லாரியின் என்ஜினுக்குள்ளேயே இருக்கும் சக்தியை எண்ணெய் அழுத்தமாக மாற்றி, லாரியின்மேலேயே ஒரு பளுதூக்கியைப் பூட்டலாமென்று கண்டார். ஹியாப் என்ற அவரது ஸ்தாபனம் 1944இல் தோன்றியது. அத்தகைய முதல் பளுதூக்கி 1947இல் வெளிவந்தது. துறைமுகத்தில் நிலைத்து நின்ற கிரேன் அன்றுதான் வண்டியேறிப் பிரயாணம் புறப்பட்டது. சரக்கு கிரேனைத் தேடிப்போன காலம் மாறி, கிரேன் சரக்கைத் தேடிப்போயிற்று.

அதன் பிறகு வட ஐரோப்பாவில், சில பத்து ஏக்கர் காட்டுக்கு உடைமையாளர்களான குடியானவர்களுக்கென்றே டிராக்டரின் பின்னால் பூட்டும் மரவண்டி ஒன்று படிப்படியாகச் செம்மையுற்றது. அதன் அபிவிருத்திகளை ஆராய்ந்தால், ஒவ்வொன்றும் நிலத்தின் ஒரு தொல்லைக்கு அளித்த விடை என்பது விளங்கும். ஒரே அச்சில் இரண்டு சக்கரம் உள்ள வண்டி அடிக்கட்டையில் ஏறினால் வண்டி முழுவதும் தூக்கிப் போடப்படும். பக்கத்துக்கு இரண்டாக, நடுவில் ஊசலாடும் சட்டத்தில் சக்கரங்களைப் பூட்டும் போகி முறையில், சக்கரம் இருபது அங்குலம் ஏறினாலும் வண்டி பத்து அங்குலமே உயரும், பாரம் கவிழாது. மரங்களுக்கிடையே திரும்ப முடியாமையைப் போக்க, டிராக்டரோடு இணைக்கும் ஏர்க்கால் பகுதியை எண்ணெய் அழுத்தத்தால் இடமும் வலமும் மடக்கினார்கள். சேற்றிலும் மணலிலும் டிராக்டர் மட்டும் இழுத்துத் திணறாதிருக்க, வண்டியின் சக்கரங்களுக்கும் சுழலும் சக்தியை ஊட்டினார்கள். பளுதூக்கியின் கை நீண்டு சுருங்குவதாயிற்று. அதன் நுனியில், நம் ஓட்டுநர்கள் கிராப் என்று சொல்லும் இரும்புக் கொடுக்கு, எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுழலும்படி அமைந்தது. வண்டியோட்டி ஒருவனே ஆறு ஏழு மீட்டர் தூரத்தில் கிடக்கும் கட்டையைப் பற்றி, திருப்பி, முளைக் கம்பங்களுக்கிடையே அடுக்கிவிட்டு வீடு திரும்பலாம்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு, நம் காடுகளில் இன்று வெட்டுமரமே இல்லையே என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, தம் குடும்பத்தின் உடைமையாயிருந்த கூடலூர்க் காடுகள் கண்முன்னே அழிவதைப் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, அங்கீகரித்த திட்டமின்றி நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டுவதை நிறுத்தியது. காட்டுக்குரியவராயிருந்த ஒருவரே மரவெட்டுக்கு எல்லை கட்டினார் என்பது இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி. 2014 ஏப்ரலில் மியான்மரும் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று சென்னைக்கு வரும் தேக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டப் பயிராக வளர்ந்தது. 1983இல் நமது துறைமுகத்தில் ஏற்பட்ட கண்டெய்னர் முனையம் போன்றவற்றின் வழியே பெட்டிக்குள் அடைந்து வந்து, டிரெய்லர் லாரிகளில் ஏறிப்போவது. மரவாடியில் ஹைட்ரா என்று வழங்கும் நடமாடும் கிரேன் கட்டையைத் தூக்குகிறது; கடையிலிருந்து தச்சரின் பட்டறைக்கு மீன்பாடி வண்டி கொண்டுபோகிறது.

இதனால் தமிழ்நாட்டில் மரத்துக்குரியவர் யார் என்பதே மாறிவிட்டது. 1988ஆம் ஆண்டு வனக்கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயன்றவரை விவசாயிகளிடமிருந்து பெறவேண்டுமென்று வகுத்தது. கரூர்க் காகித ஆலை 2004 முதல் விவசாயிகளோடு சேர்ந்து காகிதக்கூழ் மரம் வளர்க்கிறது. ஆக, இன்றைய காட்டுக்குரியவர் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் சில ஏக்கர் மணலில் சவுக்கு நட்டிருக்கும் குடியானவரே. என்ஜினுக்கு விறகாக வந்த மரம் அவர் கையில் சாரக்கம்பாகவும் காகிதமாகவும் நிற்கிறது.

அவருடைய தொல்லை தேக்குக்காரரின் தொல்லைக்கு நேர்மாறானது. அங்கே ஒரு டன் என்பது ஒரே கட்டை. இங்கே ஒரு டன் என்பது இருபது முப்பது கழிகள். ஆறு மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் சராசரிச் சுற்றளவும் உள்ள பச்சைச் சவுக்குக் கழி ஏறக்குறைய நாற்பது கிலோ இருக்கும். ஒவ்வொன்றையும் ஒருவர் குனிந்து எடுத்து, தோளில் ஏற்றி, புதைமணலில் நடந்து, லாரியின் உச்சிக்குக் கொடுக்கவேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இல் பரிந்துரைத்தது. நம் லோடுமேன்கள் அதற்குச் சற்றுக் குறைந்த பாரத்தை ஒரு நாளில் எத்தனையோ நூறு தடவை தூக்குகிறார்கள். கழி சிறுக்கச் சிறுக்க, டன்னுக்கு ஆகும் கைவேலை பெருகுகிறது. முன்பு ஐந்தாறு ஆண்டு வளர்த்த சவுக்கை இப்போது மூன்று நான்கு ஆண்டிலேயே காகிதத்துக்கு வெட்டுவதால் கழிகள் மேலும் சிறுத்துவிட்டன. ஆகவே பளுதூக்கியின் உபகாரம் பெருங்கட்டைக்குத்தான் என்பது தவறான எண்ணம். பெருங்கட்டையைக் கப்பியும் கடப்பாரையும் ஒருவாறு அசைத்துவிடும். ஒரே பிடியில் பத்துக் கழியை வாரி எடுக்கும் கொடுக்கினால் உண்மையில் மீட்சி பெறுவது சிறுகழியும் அதைச் சுமக்கும் தோளும்தான்.

எடையின் விஷயமும் இதனோடு சேர்கிறது. ஹாப்பஸ் கணக்குத் தேக்குக்கு. சவுக்கோ எடை மேடையில் டன் கணக்கில் விற்கிறது. வெட்டிய நாளிலிருந்து கழியின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஏற்ற ஆள் கிட்டாமல், லாரி வராமல் தோப்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உடையவரின் பணம் வெயிலில் போகிறது. திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலைக்கு ஈரம் தேவைப்பட்டது தரத்துக்காக. பொன்னேரிக் குடியானவருக்கு அது வருமானத்துக்காகவே தேவைப்படுகிறது.

மணலில் டாரஸ் லாரி தோப்புக்குள் இறங்காது. சாலையோரம் வரை டிராக்டரில் இழுத்துவந்து, இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றுகிறார்கள். ஒரே கழியை இருமுறை தூக்கும் இந்த வீண்வேலைக்கு முடிவு காண்பதற்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. டிராக்டர் ஒவ்வொரு கிராமத்திலும் நிற்கிறது. அதன் பின்புறத்தில் எண்ணெய் அழுத்தம் எடுக்கும் குழாய் வாயும் இருக்கிறது. போகிச் சக்கரமும் அகன்ற டயரும் சிறிய கிராப் கிரேனும் பூட்டிய ஒரு வண்டி, நம் பட்டறைகளுக்கு அப்பாற்பட்ட வித்தையன்று. ஆனால் நான்கு ஆண்டுக்கொருமுறை வெட்டும் மூன்று ஏக்கர்க்காரர் அதைத் தனியே வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. வெட்டுப் பருவம் தோப்புக்குத் தோப்பு மாறுவதால், முப்பது நாற்பது பேர் சேர்ந்த சங்கம் ஒன்று அதை ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஓட்டமுடியும். அதன் நெம்புகோல்களைப் பிடிக்கும் உரிமை, இதுவரை தோளால் அந்தப் பாரத்தைச் சுமந்த லோடுமேன்களுக்கே முதலில் தரப்படவேண்டும் என்பதையும், அவர்களுடைய ஏற்றுக்கூலி நாளொன்றுக்குக் குறையாதபடி டன் கணக்கில் பேசி முடிக்கவேண்டும் என்பதையும், அத்தகைய சங்கம் தன் முதல் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளவேண்டும்.